யாரைக் கேட்டு வகுப்பு வைப்பது?

ஒரு பஞ்சாயத்து ஹாலில் ஏலக்காய் விவசாய வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆகஸ்ட் மாதம். செவ்வாய்க்கிழமை. காலை 11 மணி. வெளியே விடாத மழை. ஹாலில் 30 நாற்காலி போட்டிருக்கிறார்கள். 18 பேர் வந்திருக்கிறார்கள். எல்லாரும் சொந்தத் தோட்டம் உள்ளவர்கள். பேச வந்தவர் நன்றாகப் படித்தவர். அழுகல் நோயைப் பற்றி மலையாளத்தில் விளக்குகிறார். மழைக்கு முன்பே போர்டோ கலவை அடிக்க வேண்டும் என்கிறார். தூரில் தண்ணீர் தேங்கக் கூடாது என்கிறார். அவர் சொல்வது எல்லாம் சரிதான்.

ஆனால் மழை தொடங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது. காய் அழுகத் தொடங்கிவிட்டது. மருந்து அடிக்கிற ஆள் ஹாலில் இல்லை. அவர் தோட்டத்தில் நிற்கிறார். காய் எடுக்கிற பெண்களும் அங்கே இல்லை. வகுப்புக்கு வந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். அவர்களில் பலருக்குக் கடையில் பேசுகிற மலையாளம் புரியும். விவசாய ஆபீசர் பேசுகிற மலையாளம் புரியாது.

டீ கொடுக்கிறார்கள். வகுப்பு முடிகிறது. பதிவேட்டில் 18 கையெழுத்து விழுகிறது.

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? பேசியவர் மேல் சொல்ல முடியாது. வந்தவர்கள் மேலும் சொல்ல முடியாது. வகுப்பு வைப்பதற்கு முன்னால் யாரும் யாரையும் கேட்கவில்லை. என்ன சொல்லித் தர வேண்டும்? எப்போது சொல்லித் தர வேண்டும்? யாருக்குச் சொல்லித் தர வேண்டும்? இந்த மூன்றையும் ஆபீசில் உட்கார்ந்து தீர்மானித்துவிட்டார்கள்.

மலையும் மக்களும்

உடும்பஞ்சோலை கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஒரு தாலுகா. இதன் தலைமையிடம் நெடுங்கண்டம். சாந்தன்பாறை, ராஜகுமாரி, சேனாபதி, பாம்பாடும்பாறை, கருணாபுரம் எல்லாம் இந்தப் பக்கத்து ஊர்கள். கிழக்கே மலை இறங்கினால் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். போடிமெட்டு வழியாக இறங்கினால் போடி. கம்பம்மெட்டு வழியாக இறங்கினால் கம்பம்.

மலையில் பெரிய மரங்களின் நிழலில் ஏலம் வளர்கிறது. பெரிய எஸ்டேட்டும் உண்டு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியும் உண்டு. தோட்ட வேலை செய்பவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். சிலர் இங்கேயே லயத்தில் குடியிருக்கிறார்கள். இன்னும் சிலர் தேனி மாவட்டத்து ஊர்களில் இருந்து காலையில் ஜீப்பில் ஏறி வருகிறார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பிப் போகிறார்கள்.

ஏலச்செடியைப் பற்றி இவர்களில் யாருக்கு அதிகம் தெரியும்? விலை நிலவரம் முதலாளிக்குத் தெரியும். உரக் கணக்கு கங்காணிக்குத் தெரியும். ஆனால் செடியின் காலடியில் உட்காருவது காய் எடுக்கும் பெண்தான். ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரு பருவத்தில் ஐந்தாறு முறை காய் எடுக்க வேண்டும். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தூரின் சரத்தையும் கையால் விலக்கிப் பார்க்கிறார். எந்தத் தூர் வாடுகிறது, எந்தச் சரத்தில் காய் கொட்டுகிறது, எந்த இலை நிறம் மாறுகிறது என்பது முதலில் அவர் கண்ணில்தான் படும்.

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். இதை ஏலக்காட்டில் கட்டே நோய் என்பார்கள். முதலில் இளம் இலையில் வெளிர் பச்சைக் கோடுகள் ஓடும். பிறகு தூர் சிறுத்துக்கொண்டே போகும். காய் குறையும். இது வைரஸ் கிருமியால் வருகிறது. அசுவினிப் பூச்சி அதை ஒரு செடியில் இருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகிறது. வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. தூரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். ஒருவர் பிடுங்கி, பக்கத்துத் தோட்டக்காரர் பிடுங்காமல் விட்டால் நோய் திரும்ப வரும்.

இந்த நோய்க்கு எப்படி வகுப்பு வைப்பது? ஒரு விவசாயியை மட்டும் கூப்பிட்டால் பயன் இல்லை. அந்த மலைச்சரிவில் உள்ள எல்லாத் தோட்டத்தாரும் வர வேண்டும். காய் எடுக்கும் பெண்களும் வர வேண்டும். கோடு விழுந்த இலையை அடையாளம் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

1996இல் கேட்டார்கள்

மக்களைக் கேட்டுத் திட்டம் போடுவது புதிய யோசனை அல்ல. கேரளத்தில் இது பெரிய அளவில் ஒரு முறை நடந்தது.

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் கண்ணூர் மாவட்டத்தில் கல்யாசேரி என்ற பஞ்சாயத்தில் ஒரு வேலை தொடங்கியது. ஊர்க்காரர்களே தங்கள் ஊரின் படத்தை வரைந்தார்கள். எங்கே என்ன மண், எங்கே தண்ணீர், எங்கே தரிசு என்று நடந்து பார்த்துக் குறித்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு இதற்குத் துணை நின்றது.

பிறகு 1996ஆம் ஆண்டு வந்தது. ஆகஸ்ட் 17 அன்று, அதாவது மலையாள ஆண்டின் முதல் நாளில், மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குத் தருவது என்று அரசு முடிவு செய்தது. அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது? அதை மக்களிடம் கேட்பது என்று தீர்மானித்தார்கள். அப்போது கேரளத்தில் 990 கிராமப் பஞ்சாயத்துகள் இருந்தன. எல்லாவற்றிலும் வார்டு தோறும் கிராம சபை கூடியது. முதல் சுற்றில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்த பலர் இதிலும் இறங்கினார்கள்.

அந்தக் கூட்டங்கள் நடந்த விதம் கவனிக்கத்தக்கது. மேடையில் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகும் கூட்டம் அல்ல அது. முதலில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு சிறு சிறு குழுவாகப் பிரிந்தார்கள். விவசாயத்துக்கு ஒரு குழு. கல்விக்கு ஒரு குழு. குடிநீருக்கு ஒரு குழு. பெரிய கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் சிறு குழுவில் பேசினார்கள். குழு பேசியதை ஒருவர் எழுதினார். கடைசியில் எல்லாருக்கும் முன்னால் அதைப் படித்துக் காட்டினார்கள்.

நல்ல முறைதான். ஆனால் ஒரு சிக்கலும் வந்தது. விவசாயத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது மக்கள் என்ன சொன்னார்கள்? நாற்று வேண்டும் என்றார்கள். உரம் வேண்டும் என்றார்கள். ஆடு, கோழி கேட்டவர்கள் ஏராளம். தப்பில்லை. ஏழைக்கு ஆடு வேண்டும்தான். ஆனால் நாளடைவில் பல இடங்களில் கிராம சபை என்றாலே யாருக்கு எது கிடைக்கும் என்று பட்டியல் போடும் கூட்டம் என்று ஆகிவிட்டது. பட்டியலில் பேர் இல்லாதவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்.

கைக்கு வரும் பொருளைக் கேட்பது எளிது. வகுப்பு வேண்டும் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. தெரியாத விஷயத்தைத் தெரியவில்லை என்று எப்படிக் கேட்பது?

கேள்வியை மாற்ற வேண்டும்

ஒரு தொண்டர் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

“அக்கா, உங்களுக்கு என்ன பயிற்சி வேணும்?”

“என்னத்தச் சொல்றது தம்பி? நீங்களே பாத்துச் செய்யுங்க.”

இந்தக் கேள்விக்கு இந்தப் பதில்தான் வரும். அவரே வேறு மாதிரி கேட்டுப் பார்க்கட்டும்.

“அக்கா, போன வருஷம் எந்த மாசத்துல காய் ரொம்பக் கெட்டுப்போச்சு?”

“ஆடியிலதான். மழை விடவே இல்ல. சரத்துல கை வச்சா காயெல்லாம் கொழகொழன்னு வருது.”

“மேட்டுலயா, பள்ளத்துலயா?”

“பள்ளத்துலதான். ஓடை ஓரத்துல. மேல அவ்வளவு இல்ல.”

“மருந்து எப்ப அடிச்சாங்க?”

“அழுகுன பெறகுதான் தம்பி அடிச்சாங்க. வைகாசியிலயே அடிச்சிருக்கணும்.”

பத்து நிமிடப் பேச்சு. இதில் ஒரு வகுப்புக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது. பாடம் என்ன? அழுகல் நோய். எப்போது நடத்த வேண்டும்? சித்திரை கடைசியிலோ வைகாசி தொடக்கத்திலோ, மழை இறங்கும் முன். எங்கே நடத்த வேண்டும்? ஹாலில் அல்ல, ஓடை ஓரத்துப் பள்ளத்தில். அங்கே நின்றுகொண்டு தண்ணீர் வடிய எப்படி வழி வெட்டுவது என்று காட்ட வேண்டும். போர்டோ கலவையை அங்கேயே கலக்க வேண்டும்.

கலவை போடுவது பெரிய வித்தை அல்ல. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைக்க வேண்டும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலக்கிய பிறகு துரு இல்லாத இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இதை ஹாலில் பத்து முறை சொன்னாலும் மறந்துபோகும். ஒரு முறை கையால் செய்தவர் மறக்க மாட்டார்.

ஆக, “என்ன வேண்டும்?” என்று கேட்பதைவிட “எதில் நஷ்டம்? எப்போது? எந்த இடத்தில்?” என்று கேட்பது நல்லது.

எழுதத் தெரியாதவரும் பதில் சொல்லலாம்

அச்சடித்த படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். படிவம் இல்லாமலும் கேட்கலாம். உலகத்தில் பல நாடுகளில் கிராமத்து மக்களுடன் வேலை செய்கிறவர்கள் இந்த முறைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, தரையில் படம் வரைவது. கோலப்பொடி போதும். ரோடு, ஓடை, தோட்டம், லயம் எல்லாம் வரைய வேண்டும். நோய் வந்த இடத்தில் ஒரு கல் வைக்க வேண்டும். கல் எங்கே கூடுகிறது என்று பார்த்தாலே வகுப்பு எங்கே தேவை என்று தெரியும். படம் வரையும்போது சண்டை வரும். “ஓடை அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்” என்பார்கள். வரட்டும். அப்படித்தான் எல்லார் வாயும் திறக்கும்.

இன்னொன்று, புளியங்கொட்டை. ஐந்து தொல்லைகளைத் தரையில் ஐந்து கட்டமாக வரைய வேண்டும். அழுகல் நோய்க்கு ஒரு கட்டம். கட்டே நோய்க்கு ஒன்று. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஒன்று. மருந்து விலைக்கு ஒன்று. பன்றித் தொல்லைக்கு ஒன்று. ஒவ்வொருவர் கையிலும் பத்துக் கொட்டை. எது பெரிய தொல்லையோ அதில் அதிகம் வைக்கலாம். ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் சில சமயம் கணக்கு தலைகீழாக வரும். இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, மாதக் கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். எந்த மாதம் காய் எடுப்பு, எந்த மாதம் நிழல் கவாத்து, எந்த மாதம் வேலை குறைவு என்று குச்சி வைத்துக் காட்டலாம். திருவிழாவையும் சேர்க்க வேண்டும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் தேனிப் பக்கத்து ஆட்கள் பலர் மலைக்கு வர மாட்டார்கள். அந்த நாளில் வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

பேசப் பயப்படுகிறவர்கள்

எல்லாக் கேள்வியையும் எல்லார் முன்னும் கேட்க முடியாது. மருந்து அடிக்கிற தொழிலாளிக்குத் தலை சுற்றுகிறது. வாந்தி வருகிறது. கண் எரிகிறது. கங்காணி பக்கத்தில் நின்றால் இதைச் சொல்வாரா? நாளைக்கு வேலைக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பார். அவரிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். டீக்கடையில் கேட்கலாம். லயத்தில் ராத்திரி கேட்கலாம். யார் சொன்னது என்று பேர் எழுதக் கூடாது.

அப்படிக் கேட்டால் வேறு பாடம் கிடைக்கும். கையுறை, முகமூடி, காற்று வீசும் திசை, அடித்த பிறகு குளிப்பது. மருந்து டப்பாவைப் படிப்பதும் ஒரு பாடம். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு இது நல்ல பயிற்சி. டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் கடுமையான விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம். பச்சை என்றால் நச்சு குறைவு. பச்சையும் குடிக்கிற தண்ணீர் அல்ல. கவனம் வேண்டும்.

தேனீயையும் இங்கே சொல்ல வேண்டும். ஏலப்பூ ஒரு நாள்தான் இருக்கும். தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய் பிடிக்கும். தேனீ காலையில்தான் அதிகம் வரும். காலையில் மருந்து அடித்தால் தேனீ சாகும், காயும் குறையும். மருந்தை மதியத்துக்கு மேல் அடிப்பது நல்லது. இது தோட்டக்காரருக்கும் லாபம். ஆனால் அவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. மருந்து அடிப்பவருக்கும் தெரிய வேண்டும்.

ஓட்டு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்

கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வார்டு மெம்பர்தான் கூட்டத்தைக் கூட்டுகிறவர்.

வாக்காளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜீப்பில் வந்து போகிறவருக்கு மலையில் ஓட்டு இல்லை. ஆகவே மலையின் கிராம சபையில் அவருக்கு இடம் இல்லை. அவர் ஓட்டு தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர் கை படும் செடி கேரளத்தில் இருக்கிறது. ஏலத்தைப் பற்றி நிறையத் தெரிந்த ஒருவர் இரண்டு பக்கமும் விட்டுப்போகிறார். இது பெரிய ஓட்டை. சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜீப் நிற்கும் இடத்தில் போய்க் கேட்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம்.

அவர்களும் தங்கள் ஊரில் பேசலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை நடக்கிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துள்ளன. மே தினக் கூட்டம் மழைக்கு ஒரு மாதம் முன்னால் வருகிறது. மருந்து அடிக்கும்போது எப்படித் தப்பிப்பது என்று எங்களுக்கு வகுப்பு வேண்டும் என்று அங்கே சொல்லலாம். தேனி மாவட்டத்தில் காமாட்சிபுரத்தில் ஒரு வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கேயும் கேட்கலாம்.

மொழி விஷயமும் உண்டு. கேரளத்தில் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில், அங்குள்ள அரசு ஆபீசுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும். உங்கள் பஞ்சாயத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பஞ்சாயத்து ஆபீசில் கேளுங்கள்.

யாரிடம் கொண்டுபோவது?

கேரளத்தில் 1987 முதல் பஞ்சாயத்து தோறும் கிருஷி பவன் வைத்தார்கள். விவசாய ஆபீசர் அங்கே இருப்பார். முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது வேளாண் அறிவியல் மையம். கிருஷி விக்ஞான் கேந்திரா என்பார்கள். இந்தியாவின் முதல் மையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாட்டில் 700க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. இடுக்கி மாவட்டத்து மையம் சாந்தன்பாறையில் இருக்கிறது. மோகன் சிங் மேத்தா என்பவர் தலைமையில் 1973இல் அமைந்த குழுதான் இந்த மையங்களுக்கு வழி வகுத்தது. எல்லா ஊருக்கும் ஒரே பாடத்திட்டம் கூடாது, அந்தந்த ஊரின் தேவையைக் கேட்டு அறிந்த பிறகே பாடம் வகுக்க வேண்டும், கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதே மையங்களின் அடிப்படை. ஆகவே நீங்கள் போய்க் கேட்பது சலுகை அல்ல. மையம் இருப்பதே அதற்காகத்தான்.

ஏலத்துக்கு என்றே ஆராய்ச்சி செய்கிற இடங்களும் பக்கத்திலேயே உள்ளன. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 1978இல் தொடங்கியது.

படித்தவர்தான் சொல்லித் தர வேண்டும் என்பதும் இல்லை. இன்று இடுக்கியில் எங்கும் காணும் ஞள்ளானி என்ற ஏல வகையைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சி நிலையம் அல்ல. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தன் தோட்டத்தில் நல்ல காய் பிடித்த செடிகளைப் பொறுக்கினார். அவற்றைக் கொசுவலையால் மூடி, உள்ளே தேன்கூட்டை வைத்தார். நல்ல செடிகளுக்குள்ளேயே மகரந்தம் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படிக் கிடைத்த செடிகளில் இருந்து தேர்ந்தெடுத்ததுதான் ஞள்ளானி. பழைய வகைகளைவிட அது பல மடங்கு காய்த்தது. தேசிய அளவில் அவருக்குப் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்டவர்கள் உங்கள் வார்டிலும் இருப்பார்கள். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவர்கள் தோட்டத்திலேயே வகுப்பை வைக்கலாம்.

இந்தோனேசியாவில் இதையே பெரிதாகச் செய்தார்கள். அங்கே நெல்லைப் புகையான் பூச்சி அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. நல்ல பூச்சிகள் செத்ததுதான் காரணம். 1986இல் அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளை நடத்தினார்கள். வாரம் ஒரு முறை வயலில் கூடுவார்கள். பூச்சியை எண்ணுவார்கள். படம் வரைவார்கள். இந்த வாரம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவு செய்வார்கள். ஒரு பருவம் முழுவதும் அப்படி நடக்கும். ஏலத்துக்கும் இந்த முறை பொருந்தும்.

எழுதி வைக்க வேண்டியது

கேட்டதை அன்றே எழுதிவிட வேண்டும். ராத்திரி எழுதலாம் என்று வைத்தால் பாதி மறந்துபோகும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, இடம், எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். அவர்கள் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். “காய் கொழகொழன்னு வருது” என்றால் அப்படியே. புதிதாக எழுதக் கற்றவர்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். எழுத்தும் பழகும், ஊர் விஷயமும் பதிவாகும்.

எழுதியதைக் கேட்டவர்களிடமே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். வருவார்கள், கேட்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொல்வதில்லை. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை யார் வாய் திறப்பார்கள்? வகுப்பு கிடைத்தால் தேதியைச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லுங்கள்.

ஒரு முறை கேட்டதை வைத்து ஐந்து வருடம் ஓட்டவும் முடியாது. 2024ஆம் ஆண்டு கோடையில் இடுக்கியில் கடும் வறட்சி. பல தோட்டங்களில் ஏலச்செடிகள் காய்ந்து கருகின. அதற்கு முன் அழுகல் நோயைப் பெரிய தொல்லை என்று சொன்னவர்கள் அந்த ஆண்டு தண்ணீரைச் சொல்லியிருப்பார்கள். நிழல் மரத்தை எவ்வளவு கழிப்பது, தூரைச் சருகால் எப்படி மூடுவது, ஓடைத் தண்ணீரை எப்படித் தேக்குவது என்பதே அப்போது பாடம்.

வருடத்துக்கு ஒரு முறை, மாசியிலோ பங்குனியிலோ, காய் எடுப்பு ஓய்ந்த பிறகு கேட்பது வசதி. போன பருவத்து நஷ்டம் மனதில் இருக்கும். மழைக்கும் நாள் இருக்கும். நோட்டில் இருப்பதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, கிருஷி பவனுக்கு ஒரு பிரதி, வார்டு மெம்பருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மூன்றாவது பிரதியில் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் வாங்கி ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.